முதுமையும் முதிர்ச்சியும்: பரோலோ மதுவின் சுவையை முன்வைத்து ஒரு திறனாய்வு

‘சுவை’ என்னும் சொல்லை நாம் நாவிற்கும் நூலிற்கும் பொதுவாக வழங்கி வருகின்றோம். உணவை உண்டு ‘சுவையாக உள்ளது’ என்கிறோம். கவிதையைப் படித்துவிட்டும் அதனையே சொல்கிறோம். தொல்காப்பிய மெய்ப்பாட்டியலுக்கு உரை கண்ட சான்றோரும், உள்ளத்து உணர்வை விளக்கப் புகுந்தவிடத்து வேம்பையும் புளியையும் கரும்பையுமே எடுத்துக்காட்டினர். எனவே நாவின் சுவையை ஆராய்வது இலக்கிய மாணவர்க்கு அயலான செயல் அன்று.

மேடைகளிலும் மாணவர் கட்டுரைகளிலும் ஓர் உவமை அடிக்கடி தலைகாட்டுகிறது. நட்பைப் பற்றியோ, முதியோரின் அறிவைப் பற்றியோ, பழைய நூலைப் பற்றியோ பேச வருவோர், ‘ஆண்டு ஆக ஆகச் சுவை மிகும் திராட்சை மதுவைப் போல’ என்று சொல்லி மேலே நகர்ந்துவிடுகின்றனர். இவ்வுவமை மேலைநாட்டிலிருந்து வந்து நம்மிடையே குடியேறியது. உவமையாகக் கையாளும் பொருளின் இயல்பை அறிந்தே அதனைக் கையாள வேண்டும் என்பது அணியிலக்கணம் கற்றோர் அனைவரும் ஒப்பும் நெறி. திராட்சை மது உண்மையிலேயே ஆண்டு ஆக ஆகச் சுவை மிகுவதுதானா? மிகுமாயின் எச்சுவை மிகும்? எச்சுவை குறையும்? எல்லா மதுவும் அவ்வாறுதானா? முதிர்வதற்கெனவே பெயர்பெற்ற ஓர் இத்தாலியச் செம்மதுவைக் கொண்டு இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவரின் வழிவந்த நமக்கு இவ்வாராய்ச்சி எதற்கு என்று சிலர் வினவலாம். பருகுக என்று எவரையும் அழைப்பது என் கருத்தன்று. பருகாதாரும் படித்து அறியத்தக்க ஓர் உண்மை இதனுள் இருக்கிறது. அதன் பொருட்டே எழுதுகிறேன்.

நிலமும் கொடியும்

இத்தாலியின் வடமேற்கே, ஆல்ப்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில் பீட்மாண்ட் மாநிலம் உள்ளது. அம்மாநிலத்து ஆல்பா நகரின் அருகே, லாங்கே எனப்படும் குன்றுகளின்மேல் 11 ஊர்களின் எல்லைக்குள் விளையும் மதுவிற்குப் பரோலோ என்பது பெயர். பரோலோ என்பது அவ்வூர்களுள் ஒன்றின் பெயரே. 1980ஆம் ஆண்டில் இத்தாலிய அரசு தன் மது வகைப்பாட்டில் மிக உயர்ந்த தகுதியை இதற்கு வழங்கியது. 2014ஆம் ஆண்டில் இக்குன்றுகளின் திராட்சைத் தோட்ட நிலக்காட்சியை யுனெஸ்கோ நிறுவனம் உலக மரபுச் செல்வமாக அறிவித்தது.

பரோலோ முழுவதும் நெபியோலோ என்னும் ஒரே கொடியின் கனியினால் ஆவது; வேறு கனியைக் கலத்தல் கூடாது. இத்தாலிய மொழியில் மூடுபனியைக் குறிக்கும் ‘நெபியா’ என்னும் சொல்லோடு இப்பெயரைத் தொடர்புபடுத்துவர். ஏனைய கனிகள் பழுத்து முடிந்த பின்னர், குன்றுகளிடையே பனி இறங்கும் அக்டோபர்த் திங்களில் இக்கனியைக் கொய்வது மரபு. பறித்த ஆண்டின் நவம்பர் முதல் நாள் தொடங்கிக் குறைந்தது 38 திங்கள் கழிந்த பின்னரே இம்மது விற்பனைக்கு வரலாம். அவற்றுள் 18 திங்கள் மரப்பீப்பாயில் கிடத்தல் வேண்டும். ‘ரிசெர்வா’ என்னும் சிறப்பு வகைக்கோ 62 திங்கள். காத்திருத்தலைச் சட்டமாகவே எழுதி வைத்துள்ளனர்.

‘அரசர்களின் மது, மதுக்களின் அரசன்’ என்று இதனை விளம்பரப்படுத்துவர். பட்டப்பெயரை விடுத்துப் பொருளைச் சுவைத்துப் பார்ப்பதே திறனாய்வாளனின் வேலை. அண்மையில் ஓர் இலையுதிர்காலத்தில் ஆல்பா நகருக்குச் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அங்கோர் உணவகத்தில் 2016, 2001, 1982 ஆகிய மூன்று ஆண்டுகளின் பரோலோவை அடுத்தடுத்து வைத்துச் சுவைத்தேன். ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று மிடறுக்கு மேல் இல்லை. மூன்றும் வெவ்வேறு தோட்டத்தார் செய்தவை. ஆதலின் ஒன்றே வளர்ந்து மற்றொன்றாயிற்று எனக் கொள்ளலாகாது. ஆயினும் இளமை, முதிர்ச்சி, முதுமை என்னும் மூன்று பருவங்களின் வேறுபாட்டை உணர அவை போதுமானவையாக இருந்தன.

முதற் கிண்ணம்: இளமையின் துவர்ப்பு

2016 நல்ல விளைச்சலுக்குப் பெயர்பெற்ற ஆண்டு. அம்மது கண்ணுக்கு மென்மையாகத் தோன்றியது. நெபியோலோ மது பிற செம்மதுக்களைப் போலக் கருஞ்சிவப்பாக இருப்பதில்லை. கிண்ணத்தின் மறுபக்கம் விரல் தெரியும். மணமும் இனியதே. புதிய ரோஜா, செரிப்பழம், அவற்றின் அடியில் மெல்லிய தார் வாடை. ரோஜாவும் தாரும் ஒன்றாக மணப்பது இம்மதுவின் முத்திரை என்பர். முரண்பட்ட இவ்விரண்டும் ஒன்றையொன்று கெடுக்காமல் நின்றது வியப்பாகவே இருந்தது.

கண்ணும் மூக்கும் தந்த நம்பிக்கையை நாக்கு உடனே தகர்த்தது. வாய் முழுவதும் துவர்ப்பு. ஈறுகள் இறுகின, கன்னத்தின் உட்புறம் வறண்டது. களிப்பாக்கை மென்றதைப் போலவும், முற்றாத வாழைக்காயைக் கடித்ததைப் போலவும் இருந்தது. அதனோடு கூரிய புளிப்பும் சேர்ந்துகொண்டது. அறியாத ஒருவர் இதனைக் கெட்டுப்போன மது என்றே தள்ளிவிடுவார்.

இத்துவர்ப்பு எங்கிருந்து வருகிறது? கனியின் தோலிலும் விதையிலும் டானின் எனப்படும் துவர்ப்பொருள்கள் உள்ளன. நெபியோலோவில் அவை மிகுதி. நம் உமிழ்நீரில் வாயை வழவழப்பாக வைத்திருக்கும் புரதங்கள் உள்ளன. துவர்ப்பொருள் அப்புரதங்களைப் பற்றித் திரளச் செய்கிறது, வழவழப்பு நீங்குகிறது, வாய் வறண்டதாக உணர்கிறோம். கடுந்தேநீரில் பால் வார்த்ததும் துவர்ப்பு அடங்குவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். பாலின் புரதம் துவர்ப்பொருளை முன்னதாகவே பற்றிக்கொள்வதால் நம் உமிழ்நீர் தப்பிவிடுகிறது. பீட்மாண்ட் மக்கள் இம்மதுவை இறைச்சியோடும் பாற்கட்டியோடும் பருகுவதன் காரணமும் இதுவே.

மேலை உடலியலார் துவர்ப்பைச் சுவைகளுள் ஒன்றாக எண்ணுவதில்லை. அதனைத் தொடு உணர்வு என்பர். இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு ஆகியவற்றோடு இறைச்சிச் சாற்றிலும் கடற்பாசியிலும் உள்ள ‘உமாமி’யையும் சேர்த்து ஐந்து என்பது அவர்தம் கணக்கு. நம் முன்னோரோ துவர்ப்பையும் கார்ப்பையும் சேர்த்து அறுசுவை என்றனர். உடலியல் நோக்கில் அவர் கூற்றுச் சரியே. ஆனால் சுவைப்போரின் பட்டறிவு நோக்கில் நம் கணக்கிற்கும் வலிமை உண்டு. ஏனெனில் பரோலோவைப் பற்றிப் பேச வேண்டுமாயின் முதலில் பேச வேண்டியது துவர்ப்பே. இம்மதுவின் வாழ்க்கை வரலாறு முழுவதும் துவர்ப்பின் வரலாறே ஆகும்.

இரண்டாம் கிண்ணம்: முதிர்ச்சி

2001ஆம் ஆண்டின் மது கிண்ணத்தில் இறங்கும்போதே நிறத்தால் வேறுபட்டது. நடுவில் மாதுளை நிறம். விளிம்பில் செங்கல் நிறமும் அதனைக் கடந்து ஒரு செம்மஞ்சளும். கனியின் செந்நிறப் பொருள்கள் காலப்போக்கில் தனித்து நிற்பதில்லை. அவை துவர்ப்பொருள்களோடு இணைந்து புதிய நிறம் பெறுகின்றன. ஒரு பகுதி வண்டலாகப் புட்டியின் அடியில் தங்கிவிடுகிறது. நெபியோலோவின் நிறப்பொருள்கள் எளிதில் நிலைகுலையும் இயல்பின. ஆதலின் இம்மது ஏனையவற்றிற்கு முன்னதாகவே செங்கல் நிறம் கொள்கிறது. நிறம் வெளுத்ததைக் கண்டு வலிமை குன்றிவிட்டது என்று முடிவு செய்வோர் பரோலோவிடம் ஏமாந்து போவர்.

மணத்தில் நேர்ந்த மாற்றம் இன்னும் பெரிது. புதிய ரோஜா உலர்ந்த ரோஜா இதழாகியிருந்தது. புத்தகத்தின் பக்கங்களுக்கிடையே பல ஆண்டு வைத்திருந்த மலரை எடுத்து முகர்ந்தாற்போன்ற மணம். செரிப்பழம் பின்வாங்கிவிட்டது. அதன் இடத்தில் அதிமதுரம், புகையிலை, பதனிட்ட தோல், மழை நனைத்த காட்டுச் சருகு ஆகியவற்றின் மணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. இறுதியில், ஆல்பா நகரம் இலையுதிர்காலத்தில் விழா எடுத்துப் போற்றும் டிரஃபிள் என்னும் நிலத்தடிக் காளானின் மணமும் வந்தது. இவற்றுள் எதனையும் மதுவில் எவரும் சேர்க்கவில்லை. இளமையில் கனிமணம் தரும் சேர்மங்கள் மெல்லச் சிதைகின்றன. வேறு சேர்மங்கள் தோன்றுகின்றன. கந்தகத்தைக் கொண்ட டைமெத்தில் சல்ஃபைடு என்னும் சேர்மம் அவற்றுள் ஒன்று. சிறிதளவில் அது டிரஃபிளையும் காட்டு நிலத்தையும் நினைவூட்டும்.

நாவிலோ, துவர்ப்பு மறையவில்லை, அடங்கியிருந்தது. முதற் கிண்ணத்தில் ஈறுகளைப் பற்றி இறுக்கிய அதே பொருள் இப்போது நாவின்மேல் மெல்லிய துணியாய்ப் படிந்தது. விழுங்கிய பின்னரும் சுவை நெடுநேரம் நின்றது. நெல்லிக்காயைத் தின்று தண்ணீர் பருகுவோர்க்குத் தொண்டையில் ஓர் இனிப்புத் தோன்றுமே, அதனையொத்த இனிமை இறுதியில் எழுந்தது. சர்க்கரை ஏறக்குறைய முற்றும் நொதித்துத் தீர்ந்துவிட்ட உலர் மது இது. சர்க்கரையால் வராத இனிமை அது.

துவர்ப்பு எவ்வாறு அடங்கிற்று? துவர்ப்பொருள்கள் ஒன்றோடொன்று கோத்து நீண்டு, கனத்து, வண்டலாக விழுந்துவிடுகின்றன என்றே நெடுங்காலம் விளக்கம் கூறினர். மதுவின் புளிப்பு அத்தொடர்களை அறுக்கவும் செய்கிறது என்றும், அவற்றின் அமைப்பே மாறுவதால் உமிழ்நீரைப் பற்றும் ஆற்றல் குறைகிறது என்றும் இன்றைய வேதியியலார் விளக்கத்தை விரிவாக்கியுள்ளனர். நம் ஆராய்ச்சிக்கு வேண்டிய செய்தி மற்றொன்று. தக்கையின் வழியே ஆண்டுதோறும் நுண்ணிய அளவு உயிர்வளி புட்டியினுள் புகுகிறது. மதுவைக் கெடுக்க வல்ல அவ்வுயிர்வளியை முதலில் எதிர்கொண்டு ஏற்பவை துவர்ப்பொருள்களும் அவற்றின் இனத்தனவுமே. இளமையில் நம்மை வருத்திய துவர்ப்புத்தான் பின்னாளில் மதுவைக் காத்தது. துவர்ப்பும் புளிப்பும் இல்லாமல் இளமையிலேயே மெத்தென்று இனிக்கும் மதுவிற்கு இக்காவல் இல்லை. உலகில் ஆகும் மதுவின் பெரும்பகுதி அத்தகையதே. அது சில ஆண்டுகளுக்குள் பருகிவிடுவதற்கென்றே செய்யப்படுவது. வைத்திருந்தால் முதிராது, கெடும்.

மூன்றாம் கிண்ணம்: வெறும் முதுமை

1982ஆம் ஆண்டும் புகழ்பெற்ற ஆண்டே. அம்மதுவிற்கு அன்று கேட்ட விலை ஏனைய இரண்டின் விலையைச் சேர்த்தாலும் மிஞ்சியது. ஆகவே மிகுந்த எதிர்பார்ப்போடு கிண்ணத்தை எடுத்தேன். நிறம் பழுத்த புளியின் நிறம்; செம்மை என்று சொல்ல ஏதும் இல்லை. மணத்தில் வெட்டி வைத்துப் பழுப்பேறிய ஆப்பிளும் சோயாச் சாறும். நாவில் துவர்ப்பு இல்லை, கனியும் இல்லை, புளிப்பு மட்டும் தனித்து நின்றது. புட்டியில் கிடக்கும் மதுவில் புளிப்பு அவ்வளவாகக் குறைவதில்லை. அதனைப் போர்த்தியிருந்த கனிச்சுவை கலைந்தவுடன் எலும்புபோல் அது வெளிப்பட்டுவிடுகிறது. அப்புட்டி பல கை மாறி வந்தது என்று உணவகத்தார் பின்னர்க் கூறினர். இடையில் எங்கோ வெப்பம் தாக்கியிருக்கலாம், தக்கை தளர்ந்திருக்கலாம்.

என்னை வியப்பில் ஆழ்த்தியது அடுத்த மேசையில் கேட்ட பேச்சு. அதே புட்டியிலிருந்து பருகிய இருவர், ‘நாற்பது ஆண்டு கடந்த மதுவன்றோ! என்ன ஆழம்! என்ன நுட்பம்!’ என்று பாராட்டிக்கொண்டிருந்தனர். அவர்கள் சுவைத்தது மதுவை அன்று. புட்டியின்மேல் ஒட்டியிருந்த ஆண்டைச் சுவைத்தனர்.

இதனைக் கொண்டு 1982இன் பரோலோ அனைத்தும் இறந்துவிட்டது என்று கூறினால் நானும் அவர்களைப் போன்றே பிழை செய்தவனாவேன். குளிர்ந்த நிலவறையில் அசையாது கிடந்த அவ்வாண்டின் புட்டிகள் இன்றும் உயிர்ப்போடு இருத்தல் கூடும். பழைய மதுவில் சிறந்த மது என்று ஒன்றில்லை, சிறந்த புட்டி என்றே உண்டு என்பது இத்துறை வல்லார் வழங்கும் மொழி. அவ்வாறே ஆண்டின் பெயரைக் கொண்டு தாழ்த்துவதும் பொருந்தாது. 2002ஆம் ஆண்டில் பரோலோக் குன்றுகளின்மேல் ஆலங்கட்டி மழை பெய்து விளைச்சலைச் சிதைத்தது. பலர் தம் உயர்மதுவை அவ்வாண்டு வெளியிடவே இல்லை. ஆயினும் மோன்ஃபோர்ட்டே ஊரின் கியாக்கோமோ கொன்டெர்னோ இல்லத்தார் அவ்வாண்டின் கனியிலும் மோன்ஃபோர்ட்டீனோ என்னும் தம் உயர்மதுவைச் செய்தனர். அது பெரும் பாராட்டைப் பெற்றது.

காத்திருக்க மறுத்தவர்கள்

இளமையின் துவர்ப்பைப் பொறுத்துக்கொண்டு பதினைந்து, இருபது ஆண்டு காத்திருப்பது எல்லார்க்கும் இயல்வதன்று. உழவர்க்கு அது வறுமையாகவும் இருந்தது. 1980களில் இது குறித்துப் பரோலோ ஊர்களில் பெரும் பூசல் எழுந்தது. மரபுவழி நின்றோர், சாற்றைத் தோலோடும் விதையோடும் பல வாரங்கள் ஊறவிட்டு, பின்னர் ஆயிரக்கணக்கான லிட்டர் கொள்ளும் பெரிய பழைய ஓக் பீப்பாய்களில் ஆண்டுக்கணக்கில் வைத்தனர். புதியோர் இதனை மறுத்தனர். ஊறும் காலத்தைச் சில நாள்களாகக் குறைத்தனர். பாரிக் எனப்படும் 225 லிட்டர் கொள்ளும் புதிய பிரெஞ்சுப் பீப்பாய்களைக் கொணர்ந்தனர். அவர்களுள் ஒருவரான லா மோரா ஊரின் எலியோ அல்தாரே, தம் தந்தையின் பழைய பீப்பாய்களை மரம் அறுக்கும் பொறியால் அறுத்தெறிந்தார். தந்தை அவரைத் தம் உரிமையிலிருந்து நீக்கினார். 2014ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பரோலோ பாய்ஸ்’ என்னும் ஆவணப்படம் அத்தலைமுறையின் கதையைச் சொல்கிறது. எதிரணியில் நின்றவர் 2005ஆம் ஆண்டில் மறைந்த பர்த்தோலோ மஸ்கரெல்லோ. பாரிக்கும் வேண்டா, அரசியல் தலைவர் பெர்லுஸ்கோனியும் வேண்டா என்னும் பொருள்பட அவர் தம் கையால் வரைந்து ஒட்டிய புட்டிச் சீட்டு உலகறிந்தது.

இருவர் கூற்றையும் நடுநிலையோடு சீர்தூக்குதல் வேண்டும். புதியோர் கூறிய குறைகளுள் உண்மை இருந்தது. தூய்மை பேணாத பழைய பீப்பாய்களில் மது கெட்டதுண்டு. நாற்றத்தையும் கடுந்துவர்ப்பையும் மரபு என்று சொல்லி மறைத்ததும் உண்டு. காத்திருந்தால் சரியாகிவிடும் என்று சொல்லி விற்ற மதுக்களுள் பல காத்திருந்தும் சரியாகவில்லை. ஆனால் புதியோர் கண்ட மருந்து வேறொரு நோயைத் தந்தது. புதிய ஓக் மரம் வனிலாவின் மணத்தையும் வறுத்த வாடையையும் தர வல்லது. அவை மிகும்போது ரோஜாவும் தாரும் அடியில் அமுங்கிப் போயின. உலகின் எந்த மூலையிலும் செய்யத்தக்க ஓர் இனிய செம்மதுவாகப் பரோலோ மாறும் அச்சம் தோன்றியது.

காலம் இருவரையும் திருத்தியது. புதியோருள் பலர் சிறிய புதிய பீப்பாய்களைக் குறைத்துக்கொண்டு பெரியவற்றிற்கு மீண்டனர். மரபினரும் நொதித்தலின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தவும் கலங்களைத் தூய்மையாக வைக்கவும் கற்றுக்கொண்டனர். இன்றைய நல்ல பரோலோ இளமையிலும் முன்னளவு கடுமையாக இருப்பதில்லை. ஆனால் துவர்ப்பை இழந்துவிடவும் இல்லை. துவர்ப்பு குற்றம் அன்று. பண்படாத துவர்ப்பே குற்றம் என்பது அப்பூசல் தந்த தெளிவு.

பழமையை எடைபோடும் முறை

அடுத்த மேசையினரின் மயக்கம் புதியதன்று. கி.மு. 121ஆம் ஆண்டில் ஒபிமியுஸ் என்பார் உரோமின் ஆட்சித் தலைவராக இருந்தபோது விளைந்த மது உரோமர்க்குள் புகழின் உச்சியில் இருந்தது. பெட்ரோனியஸ் தம் ‘சத்திரிகான்’ என்னும் நூலில், திடீர்ச் செல்வனான திரிமால்கியோ விருந்தினர் முன் நூறாண்டுப் பழமையது என்று எழுதி ஒட்டிய ஒபிமிய மதுவைக் காட்டிப் பெருமையடிப்பதாக எள்ளி நகையாடினார். பிளினியோ, தம் காலத்தில் அம்மது தேன்போல் தடித்துக் கரடுமுரடான சுவை கொண்டுவிட்டது என்றே குறித்து வைத்தார். சீட்டைப் பார்த்தவர் ஒருவர். சுவையைப் பார்த்தவர் மற்றொருவர்.

இலக்கியம் கற்போர் கருதத்தக்கது சிசரோவின் கூற்று. கி.மு. 46ஆம் ஆண்டில் எழுதிய ‘புரூட்டஸ்’ என்னும் சொல்வன்மை வரலாற்று நூலில், பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் தூசிடிடீசின் நடையை அப்படியே பின்பற்ற விரும்பியோரை அவர் ஆராய்கிறார். அங்கே மதுவையே உவமை ஆக்குகிறார். நேற்றுப் பிழிந்த சாறும் வேண்டா; அளவுகடந்து பழகிய மதுவும் வேண்டா; மிகு பழமை நாம் நாடும் இனிமையை இழந்துவிடும் என்பது அவர் கருத்தின் சாரம். நாம் இன்று மேடையில் சொல்லும் உவமையைவிட ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய இவ்வுவமை உண்மைக்கு நெருங்கியது. ஏனெனில் சிசரோ அம்மதுவை அறிந்து எழுதினார்.

நமக்கும் இத்தெளிவு புதியதன்று. 14ஆம் நூற்றாண்டினரான உமாபதி சிவாசாரியார் தம் ‘சிவப்பிரகாச’த்தின் தொடக்கத்தில், பழமை ஒன்றையே தகுதியாகக் கொள்வதையும் புதுமை ஒன்றையே குறையாகக் கொள்வதையும் ஒருங்கே மறுத்தார். ஆயினும் நூல்களை மதிப்பிடும்போது நம்முள் எத்தனை பேர் அந்நெறி நிற்கின்றோம்? தொன்மையைச் சொல்லிப் புகழ்ந்து, நூலைத் திறவாமலே மூடிவிடுகின்றோம். அன்றேல், இளம்படைப்பாளியின் எழுத்தில் கடுமை கண்டவுடன் ‘பண்படவில்லை’ என்று ஒதுக்கிவிடுகின்றோம். அக்கடுமை வெறும் குறைபாடா, பின்னாளில் அவ்வெழுத்தைத் தாங்கி நிற்கப்போகும் துவர்ப்பா என்று நாவில் வைத்துப் பார்ப்பதில்லை.

நிறைவுரை

இத்தாலிய மது நமக்கு முற்றிலும் அயலானதும் அன்று. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் மத்தியதரைக் கடற்பகுதியின் இருகைச் சாடிகளின் உடைவுகள் கிடைத்தன. அவற்றுள் இத்தாலியிலிருந்து மது கொணர்ந்த சாடிகளும் இருந்தன. யவனர் நல்ல கலங்களில் கொணர்ந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் பாண்டியன் நன்மாறன் பருகியதை நக்கீரர் புறநானூற்றில் பாடினார். அம்மது பரோலோ அன்று; நெபியோலோவும் அன்று. ஆயினும் அதற்கு நக்கீரர் வழங்கிய ‘தேறல்’ என்னும் சொல் கருதற்பாலது. தேறுதல் என்றால் தெளிதல். கலங்கல் அடியில் தங்க, தெளிந்து மேலே நிற்பது தேறல். இரண்டாம் கிண்ணத்தில் நான் கண்டது அதுவே. காலம் அதனுள் புதிதாக எதனையும் கொண்டுவந்து கொட்டவில்லை. முன்பே அதனிடம் இருந்ததைத் தெளிய வைத்தது. உள்ளே இல்லாததைக் காலம் தெளிய வைக்க இயலாது.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் விலையுயர்ந்த புட்டியைப் பரிசாகப் பெறுவோர் அதனைக் கூடத்து அலமாரியில் காட்சிக்கு வைத்துவிடுகின்றனர். ஆண்டு ஆக ஆக மதிப்பு ஏறும் என்று நம்புகின்றனர். இம்மதுவிற்கு வேண்டியது 12 முதல் 14 செல்சியஸ் பாகையில் மாறாத குளிர்ச்சி. நம் ஊர் வெப்பமோ பகலில் 30 பாகையைக் கடக்கும். அலமாரியில் அப்புட்டிக்கு ஆண்டு கூடும், முதிர்ச்சி கூடாது. மாணவர்களே, இனி ‘ஆண்டு ஆக ஆகச் சுவை மிகும் மதுவைப் போல’ என்று எழுத நேர்ந்தால், அம்மதுவிற்கு இளமையில் துவர்ப்பு இருந்ததையும், அதனை ஒருவர் குளிர்ந்த இருளில் வைத்துக் காத்ததையும், உரிய காலத்தில் ஒருவர் திறந்ததையும் சேர்த்து எண்ணுக. அப்போது அவ்வுவமை நட்பிற்கும் பொருந்தும், நூலிற்கும் பொருந்தும்.